இரண்டு வளையம், ஒரே முடிவு

காலரா நோயைத் தரும் விப்ரியோ காலரே பாக்டீரியாவுக்கு இரண்டு குரோமோசோம்கள் உண்டு. பாக்டீரியா உலகில் இது அவ்வளவு வழக்கமில்லை. ஈ.கோலி முதல் காசநோய்க் கிருமி வரை பெரும்பாலானவை தம் மரபுச் செய்தி முழுவதையும் ஒரே ஒரு வட்டக் குரோமோசோமில் வைத்துக்கொண்டு வாழ்கின்றன. இரண்டோ அதற்கு மேலோ வைத்திருப்பவை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். காலராக் கிருமியின் முதல் வளையத்தில் சுமார் 29.6 லட்சம் கார இணைகளும், இரண்டாவதில் சுமார் 10.7 லட்சமும் உள்ளன. நீட்டி வைத்தால் முதலாவது 1 மில்லிமீட்டர் நீளம் வரும். இரண்டாவது அதில் மூன்றில் ஒரு பங்கைச் சற்றுத் தாண்டும். இவ்வளவும் அடங்கியிருக்கும் செல்லின் நீளமோ ஏறத்தாழ 2 மைக்ரோமீட்டர், அதாவது மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்கு.

செல் இரண்டாகப் பிளப்பதற்குள் இரு வளையங்களும் முழுதாகப் படியெடுக்கப்பட வேண்டும். ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறைதான் படியெடுக்கப்பட வேண்டும். பிறகு ஒவ்வொரு சேய்ச் செல்லுக்கும் இரண்டு வகையிலும் ஒன்று போய்ச் சேர வேண்டும். நல்ல சத்துள்ள சூழலில் இந்த வேலை அனைத்தும் இருபது நிமிடங்களுக்கு ஒருமுறை நடக்கிறது. நம் செல்களில் உள்ளதுபோல் உட்கருவோ, குரோமோசோம்களை இழுத்துப் பிரிக்கும் கதிர் இழைகளோ, அடுத்தடுத்த கட்டங்களைத் திறந்து மூடும் விரிவான புரத ஏற்பாடோ பாக்டீரியாவில் கிடையாது. டி.என்.ஏ.வைப் படியெடுப்பதும் அதைப் பிரித்து அனுப்புவதும் அங்கே ஒரே நேரத்தில் நடக்கின்றன. எது முந்த வேண்டும், எது காத்திருக்க வேண்டும் என்பதை டி.என்.ஏ.வின் மேலேயே குறிப்பிட்ட இடங்களில் எழுதப்பட்டிருக்கும் சில வரிசைகள்தான் தீர்மானிக்கின்றன.

இந்தக் கிருமிக்கும் தமிழகத்துக்கும் உள்ள தொடர்பு பழையது. கோயில் திருவிழாக்களுக்குக் கூடும் யாத்திரிகர் கூட்டத்தோடு காலராவும் ஊர் ஊராகப் பயணம் செய்த காலம் ஒன்று இருந்தது. ஆனால் அறிவியல் வரலாற்றில் சென்னையின் பெயர் இடம்பெற்றது 1992இன் பிற்பகுதியில். அதுவரை அறியப்பட்ட கொள்ளைநோய்க் காலராக்கள் எல்லாமே ஓ1 என்ற மேற்பரப்பு வகையைச் சேர்ந்த கிருமிகளால் வந்தவை. அந்த ஆண்டு சென்னையில் பரவிய நோயின் கிருமியோ ஓ1 வகைக்கு எதிரான சோதனைச் சீரத்துக்கு மசியவில்லை. வேலூரிலும் மதுரையிலும் இதே கிருமி பிடிபட்டது. சில மாதங்களில் கல்கத்தாவையும் வங்கதேசத்தையும் அது எட்டியது. அதுவரை 138 ஓ வகைகள் பட்டியலில் இருந்ததால் இதற்கு ஓ139 என்ற எண் கிடைத்தது. வங்கக் கடலோரமாகப் பரவியதால் ‘பெங்கால்’ என்ற ஒட்டும் சேர்ந்தது. முன்பு காலரா வந்து எதிர்ப்புச் சக்தி பெற்றிருந்த பெரியவர்களைக்கூட இது விட்டுவைக்கவில்லை.

பின்னர் மரபணுக்களை ஆராய்ந்தபோது காரணம் தெரிந்தது. ஓ1 வகைக் கிருமி ஒன்றின் முதல் குரோமோசோமில் மேற்பரப்புச் சர்க்கரைகளை ஆக்கும் 22,000 காரம் அளவிலான பகுதி போய், அந்த இடத்தில் வேறொரு பாக்டீரியாவிடமிருந்து வந்த 35,000 காரத் துண்டு உட்கார்ந்திருந்தது. குரோமோசோம் சற்று நீண்டது; கிருமியின் தோற்றம் மாறியது. ஆனால் இரண்டு வளையங்களும் தம் இரட்டிப்பை எப்படிப் பொருத்திக்கொள்கின்றனவோ அந்த ஏற்பாடு குலையவில்லை. மரபணுக்களைத் தாராளமாக வாங்கியும் விற்றும் வாழும் ஓர் உயிரில் இந்த ஏற்பாடு மட்டும் ஏன் இவ்வளவு உறுதியாக நிற்கிறது என்பது கேட்கத் தகுந்த கேள்வி. சென்னையில் அந்தக் கிருமி தலைகாட்டியபோது அதற்கு இரண்டு குரோமோசோம்கள் இருப்பதே யாருக்கும் தெரியாது. அது 1998இல்தான் வெளியானது. முழு மரபணுத் தொகுதியும் படிக்கப்பட்டது 2000ஆம் ஆண்டில்.

பாக்டீரியாவின் இரட்டிப்பைப் பற்றிய அடிப்படை அறிவு பெரும்பாலும் ஒற்றை வளையம் கொண்ட ஈ.கோலியிடமிருந்து வந்தது. வளையத்தில் இரட்டிப்பு எங்கே வேண்டுமானாலும் தொடங்குவதில்லை. அதற்கென்று ஒரு தொடக்கப்புள்ளி உண்டு. அங்கே ஒரு புரதம் வந்து ஒட்டி வேலையைத் தொடங்கிவைக்கிறது. 1963இல் பிரான்சுவா ஷாகோப், சிட்னி பிரென்னர், ஃபிரான்சுவா குசான் ஆகியோர் முன்வைத்த இந்தக் கருத்து இன்றளவும் நிற்கிறது. தொடக்கப்புள்ளியிலிருந்து இரண்டு இரட்டிப்புக் கவைகள் எதிரெதிர்த் திசைகளில் கிளம்பி, வளையத்தின் இரு பாதிகளையும் படியெடுத்துக்கொண்டே போய், எதிர்ப்புறத்தில் உள்ள முடிவிடத்தில் சந்திக்கின்றன. ஒவ்வொரு கவையும் நொடிக்கு ஏறக்குறைய ஆயிரம் காரம் என்ற வேகத்தில் நகர்கிறது. ஈ.கோலி குரோமோசோமின் 46 லட்சம் காரத்தையும் முடிக்க 40 நிமிடம் பிடிக்கிறது.

இங்கே ஒரு கணக்கு இடிக்கிறது. 40 நிமிட வேலை பாக்கி இருக்கும்போது 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஈ.கோலி எப்படிப் பிளக்க முடியும்? 1968இல் ஸ்டீபன் கூப்பரும் சார்லஸ் ஹெல்ம்ஸ்டெட்டரும் இதற்கு விடை தந்தார்கள். ஒரு சுற்று முடியும் முன்பே அடுத்த சுற்று தொடங்கிவிடுகிறது. வேகமாக வளரும் செல்லில் பாட்டியின் காலத்தில் தொடங்கிய இரட்டிப்பு பேத்தியின் பிறப்பை ஒட்டி முடியும். ஆகவே செல்லுக்கு முக்கியம் இரட்டிப்பின் வேகத்தை மாற்றுவதல்ல, தொடக்கத்தைச் சரியான தருணத்தில் நிகழ்த்துவதுதான். அதே ஆண்டில் வில்லியம் டோனச்சி ஒரு முக்கியமான கணக்கைக் காட்டினார்: செல்லின் நிறை தொடக்கப்புள்ளி ஒன்றுக்கு ஒரு குறிப்பிட்ட அளவை எட்டும்போது புதிய சுற்று தொடங்குகிறது.

காலராக் கிருமியின் முதல் குரோமோசோம் இந்த வழியையே பின்பற்றுகிறது. தொடங்கிவைக்கும் புரதத்தின் பெயர் டினா-ஏ. செல்லின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி. மூலக்கூறைச் சுமந்த நிலையில் அது தொடக்கப்புள்ளியில் வரிசையாகச் சேர்ந்து, அங்குள்ள ஈரிழையை விலக்குகிறது. விலகிய இடைவெளியில் இழைகளைத் தொடர்ந்து பிரிக்கும் நொதி ஏற்றப்படுகிறது. கவை உருவாகிக் கிளம்புகிறது. கவை நகரத் தொடங்கியதும் டினா-ஏயின் ஏ.டி.பி. சிதைக்கப்படுகிறது, அதன் வலு போகிறது. இன்னொரு பூட்டும் உண்டு. தொடக்கப்புள்ளியில் ஜி-ஏ-டி-சி என்ற நான்கெழுத்து வரிசை அடர்த்தியாக இருக்கிறது. பழைய இழையில் அந்த இடங்களில் மீத்தைல் குறி இருக்கும். புதிதாக ஆன இழையில் இராது. பாதி குறியிட்ட இந்த நிலையை ஒரு புரதம் இனங்கண்டு மூடிக்கொள்கிறது. மீண்டும் குறி இடப்படும் வரை அந்தப் புள்ளியில் அடுத்த தொடக்கம் நிகழாது. ஒரு சுற்றுக்கு ஒரே முறை என்ற ஒழுங்கு இப்படித்தான் காக்கப்படுகிறது.

இரண்டாவது குரோமோசோம் டினா-ஏயின் அளவு கூடினாலும் குறைந்தாலும் அதற்கேற்பத் தொடங்குவதில்லை. அதைத் தொடங்கிவைப்பது விப்ரியோ குடும்பத்துக்கே உரிய ஆர்சிடி-பி என்ற புரதம். இந்தப் புரதத்தின் அமைப்பு, பிளாஸ்மிட்களை, அதாவது குரோமோசோமுக்கு வெளியே தனியாகப் படியெடுத்துக்கொள்ளும் டி.என்.ஏ. வளையங்களை, தொடங்கிவைக்கும் புரதங்களை ஒத்திருக்கிறது. எப்போதோ ஒரு மூதாதைச் செல்லுக்குள் வந்த பெரிய பிளாஸ்மிட் ஒன்று, இன்றியமையாத சில மரபணுக்களையும் தன்மேல் ஏற்றிக்கொண்டு, குரோமோசோமாகவே நிலைத்துவிட்டது என்பது பரவலாக ஏற்கப்படும் விளக்கம். ரைபோசோம் புரதங்கள் சிலவற்றின் மரபணுக்கள் இன்று இந்த வளையத்தில்தான் இருக்கின்றன. அதை இழந்த செல் பிழைக்காது.

ஆனால் சாதாரணப் பிளாஸ்மிட்டுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் ஒன்று இருக்கிறது. பிளாஸ்மிட் செல்லின் சுற்றில் எந்த நேரத்திலும் படியெடுத்துக்கொள்ளும். மொத்த எண்ணிக்கை சரியாக இருந்தால் அதற்குப் போதும். காலராக் கிருமியின் இரண்டாம் வளையமோ ஒவ்வொரு சுற்றிலும் ஒரே தருணத்தில், ஒரே முறை தொடங்குகிறது. அந்தத் தருணம் முதல் வளையம் தொடங்கும் நேரம் அல்ல. 2007இல் டென்மார்க்கின் ஆய்வாளர்கள் இதை அளந்து காட்டினார்கள். அவர்கள் பயன்படுத்திய முறை எளியது. வளர்ந்துகொண்டிருக்கும் கூட்டத்திலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்து, குரோமோசோமின் ஒவ்வோர் இடத்துக்கும் எத்தனை பிரதி இருக்கிறது என்று எண்ண வேண்டும். முதலில் படியெடுக்கப்படும் தொடக்கப்புள்ளி அதிகப் பிரதிகளில் இருக்கும். கடைசியாக ஆகும் முடிவிடம் குறைவாக இருக்கும். இரண்டாம் வளையத்தின் தொடக்கப்புள்ளியின் எண்ணிக்கை முதல் வளையத்தின் தொடக்கப்புள்ளிக்கு இணையாக இல்லை, வெகுவாகக் குறைந்திருந்தது. அதே வேளையில் இரண்டின் முடிவிடங்களும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில் இருந்தன. பெரிய வளையம் முதலில் தொடங்குகிறது, சிறியது காத்திருந்து பின்னால் தொடங்குகிறது, இரண்டும் சேர்ந்து முடிகின்றன.

கணக்கும் அதற்குப் பொருந்துகிறது. பெரிய வளையத்தின் ஒரு பாதி சுமார் 14.8 லட்சம் காரம். நொடிக்கு ஆயிரம் வீதம் 25 நிமிடம். சிறிய வளையத்தின் பாதி 5.4 லட்சம் காரம். அதற்கு 9 நிமிடம். ஆகவே பெரியது கிளம்பி 16 நிமிடம் போன பின் சிறியது கிளம்பினால் இரண்டும் ஒரே வேளையில் முடிவிடத்தை எட்டும். அந்தப் பதினாறு நிமிடத்தை யார் எண்ணுவது?

காஞ்சிபுரம் வட்டாரத்துப் பட்டுத் தறியில் கோர்வைச் சேலை நெய்யும்போது உடலுக்கு ஒரு நாடாவும் கரைக்கு வேறு நாடாவும் ஓடுகின்றன. இரண்டும் வரிக்கு வரி ஒன்றையொன்று கோர்த்துக்கொண்டே ஏறுவதால் கரை முந்துவதோ உடல் பின்தங்குவதோ நேராது. பாக்டீரியாவும் இப்படி இரு வளையங்களையும் ஒவ்வோர் அடியிலும் ஒப்பிட்டுக்கொண்டே போகலாம் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். அது கோர்ப்பது ஒரே ஓர் இடத்தில். அந்த இடத்தைக் கவை கடந்ததும் செய்தி போய்விடுகிறது. அதற்குப் பின் இரண்டு வளையமும் தத்தம் வேகத்தில் ஓடுகின்றன.

அந்த இடத்தை 2014இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் ஜாங் ஹ்வான் பேக்கும் துருபா சட்டோராஜும் கண்டுபிடித்தார்கள். இரண்டாம் வளையத்தின் தொடக்கப்புள்ளியை ஆர்சிடி-பியோடு சேர்த்து ஈ.கோலிக்குள் வைத்தபோது, காலராக் கிருமியின் முதல் குரோமோசோமைச் சேர்ந்த நூற்றைம்பது காரம் அளவிலான ஒரு சிறு துண்டு அதைச் சுறுசுறுப்பாக்குவது தெரிந்தது. பிற்பாடு சிஆர்டி-எஸ் என்று பெயரிடப்பட்ட அந்தத் துண்டு எந்தப் புரதத்தையும் ஆக்குவதில்லை. ஆர்சிடி-பி வந்து ஒட்டும் இடம் என்பதே அதன் வேலை. முதல் வளையத்தின் ஒரு பாதியில், தொடக்கத்திலிருந்து ஏறக்குறைய பாதி வழியில் அது அமைந்திருக்கிறது.

2016இல் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் மாரி-ஏவ் வால், திதியே மசெல் ஆகியோரின் குழு இதன் வேலையை நேரடியாகச் சோதித்தது. சோதனை மிக நேர்த்தியானது; இந்தத் துறையில் இவ்வளவு தெளிவான விடை தரும் சோதனை அடிக்கடி அமைவதில்லை. சிஆர்டி-எஸ்ஸைப் பழைய இடத்திலிருந்து வெட்டி எடுத்து முதல் வளையத்தின் வேறு வேறு இடங்களில் வைத்தார்கள். தொடக்கப்புள்ளிக்கு அருகில் வைத்தால் இரண்டாம் வளையம் முன்கூட்டியே தொடங்கியது. முடிவிடத்துக்கு அருகில் வைத்தால் தாமதமாகத் தொடங்கியது. எங்கே வைத்தாலும் கவை அதைக் கடந்து, மேலும் சுமார் 2 லட்சம் காரம் ஓடும் நேரத்துக்குப் பின், இரண்டாம் வளையத்தில் தொடக்கம் நிகழ்ந்தது. நேரத்தை எண்ணும் தனிப் பொறி எதுவும் இல்லை. கவை எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதே நேரம். அந்தத் தூரத்தைச் சொல்லும் குறிதான் சிஆர்டி-எஸ்.

அது ஏன் வேலை செய்கிறது என்பதற்கான விடையும் ஓரளவு கிடைத்திருக்கிறது. இரண்டாம் வளையத்தின் தொடக்கப்புள்ளியில் ஆர்சிடி-பிக்கு இரண்டு வகை இருக்கைகள் உண்டு. குட்டையானவற்றில் ஒட்டினால் இரட்டிப்பு தூண்டப்படும். நீண்டவற்றில், அதாவது 39 காரம் கொண்டவற்றில் ஒட்டினால் இரட்டிப்பு தடுக்கப்படும். சிஆர்டி-எஸ்ஸோடு உறவாடிய ஆர்சிடி-பிக்குத் தடை இருக்கைகளின் மேல் உள்ள பிடி தளர்ந்து, தூண்டும் பக்கம் சாய்கிறது. கவை கடக்கும் வரை செல்லில் சிஆர்டி-எஸ் ஒன்று, கடந்தபின் இரண்டு. இந்த ஒன்று இரண்டாவதுதான் சமநிலையை மாற்றிவிடுகிறது. குட்டை இருக்கைகளிலும் ஜி-ஏ-டி-சி வரிசை உண்டு. முழு மீத்தைல் குறி இருந்தால்தான் ஆர்சிடி-பி அங்கே ஒட்டும். எனவே ஒருமுறை படியெடுக்கப்பட்ட உடனேயே மறுபடி தொடங்க முடியாது. முதல் வளையத்தில் கண்ட அதே பூட்டு வேறொரு புரதத்தோடு இங்கேயும் இருக்கிறது.

சிஆர்டி-எஸ்ஸை முற்றிலும் நீக்கினால் செல்கள் பிளக்காமல் நூல்போல் நீள்கின்றன. இரண்டாம் வளையம் குறைந்து, பல செல்களில் இல்லாமலே போகிறது. தப்பிப் பிழைத்த சிலவற்றைப் பார்த்தபோது இரண்டு வழிகள் தெரிந்தன. சிலவற்றில் ஆர்சிடி-பியின் மரபணுவில் மாற்றம் நேர்ந்து, செய்திக்குக் காத்திராமல் தொடங்கப் பழகியிருந்தது. வேறு சிலவற்றில் இரண்டு வளையங்களும் ஒன்றாக இணைந்து ஒற்றை வளையமாகியிருந்தன. ஒட்டிய வளையத்தில் ஒத்திசைவு என்ற கேள்வியே எழாது.

இந்த இணைப்பு ஒரு சங்கடமான கேள்வியை எழுப்புகிறது. இரு வளையம் இருப்பதால் என்ன லாபம்? 40 லட்சம் காரமும் ஒரே வளையமாக இருந்தால் இரட்டிப்புக்கு 34 நிமிடம் ஆகும். பிரித்து வைத்தால் 25 நிமிடம். வேகமாகப் பெருக வேண்டிய கிருமிக்கு இது உதவும் என்பது பாடநூல்களில் வரும் பதில். ஆனால் ஆய்வகத்தில் வேண்டுமென்றே ஒற்றை வளையமாக மாற்றப்பட்ட காலராக் கிருமிகள் நன்றாகவே வளர்கின்றன. இயற்கையிலேயே ஒற்றைக் குரோமோசோமோடு திரியும் காலராக் கிருமிகளும் 2017இல் அறிவிக்கப்பட்டன. ஆகவே அந்தப் பதில் பாதி உண்மைதான் என்று கொள்ள வேண்டும். வந்து சேர்ந்த பிளாஸ்மிட்டை வெளியேற்ற முடியாமல் அதோடு வாழ ஏற்பட்ட ஒப்பந்தமே இந்த ஒழுங்கு என்றும் பார்க்கலாம்.

படியெடுத்தது போதாது, பிரிக்கவும் வேண்டும். காலராக் கிருமி முழு வளையமும் படியெடுக்கப்படும் வரை இதற்குக் காத்திருப்பதில்லை. தொடக்கப்புள்ளி இரண்டானதும் அதைப் பிரிக்கும் வேலை ஆரம்பமாகிவிடுகிறது. தொடக்கப்புள்ளியை ஒட்டி பார்-எஸ் என்ற சிறு வரிசைகள் இருக்கின்றன. அவற்றில் பார்-பி என்ற புரதம் கவ்வி, அக்கம்பக்க டி.என்.ஏ.விலும் பரவிச் சேர்கிறது. பார்-ஏ என்ற இன்னொரு புரதம் ஏ.டி.பி.யைச் சுமந்து, செல்லுக்குள் உள்ள டி.என்.ஏ.வின் மேல் எங்கும் படிந்திருக்கிறது. பார்-பி கூட்டம் தொட்ட இடத்தில் பார்-ஏயின் ஏ.டி.பி. சிதைந்து, அது டி.என்.ஏ.வை விட்டுக் கழன்றுவிடுகிறது. பின்புறம் வெறுமையாகிறது, முன்புறம் பார்-ஏ அடர்த்தியாக இருக்கிறது. அடர்த்தி இருக்கும் பக்கமாகவே பார்-பியும் அதோடு ஒட்டிய தொடக்கப்புள்ளியும் நகர்ந்துகொண்டே போகின்றன. இழுக்கும் கயிறோ தள்ளும் தண்டோ இதில் இல்லை.

2006இல் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஃபோகலும் மாத்யூ வால்டரும் ஒளிரும் புரதங்களைப் பொருத்தி இந்தப் பயணத்தை நுண்ணோக்கியில் பார்த்தார்கள். முதல் வளையத்தின் தொடக்கப்புள்ளி செல்லின் பழைய முனையில் ஒட்டிக் கிடக்கிறது. இரண்டானதும் ஒன்று அங்கேயே நிற்க, மற்றொன்று செல்லின் முழு நீளத்தையும் கடந்து எதிர்முனைக்குப் போகிறது. பார்-ஏ படலம் அதற்கு முன்னால் சுருங்கிக்கொண்டே செல்கிறது. முனையில் அதைப் பிடித்துவைப்பது ஹப்-பி என்ற பெரிய புரதம். கிருமி நீந்தப் பயன்படுத்தும் ஒற்றைக் கசையிழையின் இருப்பிடத்தையும் இதே ஹப்-பிதான் பார்த்துக்கொள்கிறது.

இரண்டாம் வளையத்துக்குத் தனியாக ஒரு பார்-ஏ, தனியாக ஒரு பார்-பி. முதல் வளையத்தின் புரதங்கள் இதைத் தொடுவதில்லை. இதன் தொடக்கப்புள்ளி செல்லின் நடுவில் இருக்கும்; இரண்டானதும் ஒவ்வொன்றும் கால்பங்கு, முக்கால்பங்கு இடங்களுக்கு, அதாவது வரப்போகும் சேய்ச் செல்களின் நடுப்பகுதிக்கு நகரும். முதல் வளையத்தின் பார்-ஏயை நீக்கினாலும் செல் தட்டுத்தடுமாறிப் பிழைத்துக்கொள்கிறது. இரண்டாம் வளையத்துக்கு அந்தச் சலுகை இல்லை. 2007இல் வால்டரின் குழு அதன் பார் மரபணுக்களை நீக்கிப் பார்த்தபோது, இரண்டாம் வளையம் கிடைக்காத சேய்ச் செல்கள் உப்பி, டி.என்.ஏ. சுருங்கி இறந்தன. இன்றியமையாத மரபணுக்கள் போனது மட்டுமே காரணம் அல்ல. இரண்டாம் வளையத்தில் பத்துக்கும் மேற்பட்ட நச்சு-முறிப்பு இணைகள் இருக்கின்றன. ஒவ்வோர் இணையிலும் நெடுநேரம் நிலைக்கும் நச்சுப் புரதம் ஒன்று, அதை அடக்கிவைக்கும், ஆனால் விரைவில் அழிந்துவிடும் முறிப்புப் புரதம் ஒன்று. வளையம் இருக்கும் வரை முறிப்பு புதிதாக வந்துகொண்டே இருக்கும். வளையம் போய்விட்டால் எஞ்சிய நச்சு செல்லைக் கொன்றுவிடும். பழைய பிளாஸ்மிட்டின் குணம் இன்னும் போகவில்லை என்று இதைப் பார்த்தால் தோன்றும்.

அடுத்தது பிளப்பு. செல்லின் நடுவில் எஃப்டிஎஸ்-இசட் என்ற புரதம் வளையமாகச் சேர்ந்து, அங்கே புதுச் சுவர் எழும்ப வழி செய்கிறது. டி.என்.ஏ. இன்னும் நடுவில் கிடக்கும்போது சுவர் எழும்பினால் குரோமோசோம் வெட்டுப்படும். இதைத் தடுக்கும் புரதம் டி.என்.ஏ.வில் குறிப்பிட்ட வரிசைகளில் ஒட்டிக்கொண்டு, அருகில் எஃப்டிஎஸ்-இசட் சேரவிடாமல் பார்த்துக்கொள்கிறது. அந்த வரிசைகள் இரண்டு வளையங்களிலும் பரவிக் கிடக்கின்றன. முடிவிடத்தைச் சுற்றி மட்டும் இல்லை. தொடக்கப்புள்ளி முதலில் பிரிந்து போகிறது, மற்ற பகுதிகள் அதே வரிசையில் பின்தொடர்கின்றன, கடைசியில் நடுவில் மிஞ்சுவது முடிவிடங்கள் மட்டுமே. அப்போதுதான் நடுப்பகுதியில் தடை விலகுகிறது. 2016இல் பிரான்சின் ஃபிரான்சுவா-சவியே பார் குழுவினர் இதைக் காட்டினார்கள். இரு வளையங்களும் ஒரே வேளையில் இரட்டிப்பை முடிப்பதன் பயன் இங்கே புரிகிறது: இரு முடிவிடங்களும் சேர்ந்து நடுவுக்கு வந்தால், பிளப்பு எதற்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.

வட்டக் குரோமோசோமுக்கென்றே உரிய ஒரு தொல்லை எஞ்சியிருக்கிறது. இரட்டிப்பின்போது உடைந்த டி.என்.ஏ.வைச் சகோதர வளையத்தைக் கொண்டு பழுதுபார்க்கையில், சில செல்களில் இரு வட்டங்களும் ஒன்றாகி ஒரே பெரிய வட்டமாகிவிடும். அதை இரண்டு செல்லுக்கும் பங்கிட முடியாது. இதற்குத் தீர்வாக முடிவிடத்தில் டிஃப் என்ற 28 காரம் கொண்ட வரிசை இருக்கிறது. இரண்டு வளையங்களுக்கும் தனித்தனி டிஃப் உண்டு. பிளப்புச் சுவரில் பதிந்திருக்கும் எஃப்டிஎஸ்-கே என்ற இயந்திரப் புரதம் நொடிக்கு ஐயாயிரம் காரத்துக்கும் மேலான வேகத்தில் டி.என்.ஏ.வை இழுத்து, இரு டிஃப் இடங்களையும் சுவரருகே கொண்டுவந்து சேர்க்கும். எந்தத் திசையில் இழுப்பது என்பதைக் குரோமோசோமிலேயே முடிவிடத்தை நோக்கிப் பதிந்த சிறு குறிகள் சொல்லும். அங்கே ஸெர்-சி, ஸெர்-டி என்ற இரண்டு நொதிகள் டிஃப்பில் வெட்டி மாற்றி ஒட்ட, பெரிய வட்டம் மீண்டும் இரண்டாகும்.

காலரா என்ற நோய்க்கும் இந்தப் பிரிப்பு ஏற்பாட்டுக்கும் நேரடித் தொடர்பு இருப்பது இங்கேதான். காலராவில் உடலின் நீரை வெளியேற்றுவது கிருமி சுரக்கும் ஒரு நச்சு என்பதை 1959இல் கல்கத்தாவில் சம்புநாத் தே நிறுவினார். கிருமிகளை வடிகட்டி நீக்கிய திரவத்தை முயலின் குடலில் கட்டிய கண்ணியில் செலுத்தி, நீர் சுரப்பதைக் காட்டினார். அவருக்குக் காலத்தில் கிடைத்திருக்க வேண்டிய மரியாதை கிடைக்கவில்லை என்பது இந்திய அறிவியல் வரலாற்றின் குறைகளில் ஒன்று. அந்த நச்சின் மரபணுக்கள் கிருமிக்குச் சொந்தமானவை அல்ல. பாக்டீரியாவைத் தொற்றும் ஒரு வைரஸ் அவற்றைக் கொண்டுவந்தது என்று 1996இல் வால்டரும் ஜான் மெக்கலனோசும் கண்டார்கள். அந்த வைரஸ் கிருமியின் குரோமோசோமில் நுழையும் இடம் டிஃப்தான். தனக்கென்று நுழைவு நொதி எதையும் அது வைத்துக்கொள்ளவில்லை. தன் ஒற்றை இழை டி.என்.ஏ.வை மடித்து டிஃப் போன்ற தோற்றத்தை உண்டாக்கி, கிருமியின் ஸெர் நொதிகளைக்கொண்டே தன்னைப் பொருத்திக்கொள்கிறது. பொருத்திய பின்னும் வேலை செய்யும் டிஃப் ஒன்று அங்கே மிஞ்சுவதால், குரோமோசோம் பிரிவது தடைபடுவதில்லை. சென்னையில் 1992இல் பரவிய ஓ139 கிருமியின் முதல் குரோமோசோமிலும் இந்த வைரஸின் மரபணுக்கள் இருந்தன.

மருந்துகள் சிலவும் இதே ஏற்பாட்டைத்தான் தாக்குகின்றன. கவை முன்னேறும்போது அதற்கு முன்னால் டி.என்.ஏ. முறுக்கேறும், ஜைரேஸ் என்ற நொதி அதைத் தளர்த்தும். இரட்டிப்பு முடிந்ததும் ஒன்றுக்குள் ஒன்று கோத்துக் கிடக்கும் இரு வளையங்களைப் பிரிப்பது டோபோஐசோமரேஸ் நான்கு. நாலிடிக்சிக் அமிலமும் சிப்ரோஃப்ளாக்சசினும் இவ்விரு நொதிகளும் டி.என்.ஏ.வை வெட்டிய நிலையிலேயே உறையச் செய்கின்றன. இந்தியாவில் எடுக்கப்பட்ட காலராக் கிருமிகள் பலவற்றில் ஜைரேஸின் 83ஆம் அமினோ அமிலமும் டோபோஐசோமரேஸ் நான்கின் 85ஆம் அமினோ அமிலமும் மாறியிருக்கின்றன. அந்த இரண்டு மாற்றங்களும் சேர்ந்த கிருமியிடம் நாலிடிக்சிக் அமிலம் பலிப்பதில்லை; சிப்ரோஃப்ளாக்சசினின் வலுவும் குறைகிறது. நோயாளியைக் காப்பாற்றுவது முதலில் உப்பும் சர்க்கரையும் கலந்த நீர்தான். கடுமையாகப் பாதிக்கப்பட்டவருக்கு மருந்தும் தேவைப்படுகையில், இரட்டிப்பைத் தொடாமல் புரத ஆக்கத்தைத் தடுக்கும் டாக்சிசைக்ளினும் அசித்ரோமைசினும் இன்று முன்னிலையில் இருக்கின்றன.